கதவுப் பக்கத்துத் தூண்

இரும்பைச் சூடாக்கினால் இளகும். அலுமினியத்தைச் சூடாக்கினால் ஒழுகியே போய்விடும். கிராஃபைட் அப்படியில்லை. பென்சில் குச்சிக்குள் இருக்கிற அதே கருப்புச் சரக்குதான். கீழே போட்டால் உடையும், நகத்தால் கீறினால் பொடி வரும். ஆனால் அதைக் காற்றுப் புகாத உலைக்குள் வைத்து இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கொண்டு போய்ப் பாருங்கள், குளிர்ந்து கிடந்தபோது இருந்ததைவிடப் பலமாகிவிடும்! முதல் தடவை இதைச் சோதனை எந்திரத்தில் பார்த்தபோது எந்திரம்தான் பழுதாகிவிட்டது என்று நினைத்து அதன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

உங்கள் மேலாளர் போன வாரம் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "மேடம், டெஸ்ட் ரூமுக்குப் புதுசா புள்ளைங்க வந்திருக்காங்க. உங்க அனுபவத்த கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றார். பாதுகாப்பு விதிகளை எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார், பாவம். அதெல்லாம் சுவரில் ஒட்டித்தான் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். எந்திரத்தை ஓட்டுவதும் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். கிராஃபைட் தூசியில் வெள்ளைச் சட்டை என்ன ஆகும் என்பது முதல் நாளே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் நான் காசிமின் கதையை எழுதுகிறேன். படிக்கும்போது யாரும் போனை நோண்டக் கூடாது.

ஜோகூர் மாநிலத்துச் செடெனாக்கில் நம் தொழிற்சாலையைச் சுற்றி இன்று பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் எழும்பிவிட்டன. அப்போது மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். கிராஃபைட் கட்டிகளை வரவழைத்து, கடைந்து, துளைத்து, மற்ற ஆலைகளின் உலைகளுக்குப் பாகங்களாகச் செய்து கொடுப்பதுதான் அன்றும் நம் வேலை. நான் சோதனை அறையில் இருந்தேன். கடைசல் பிரிவில் இருந்தவன் காசிம்.

காசிம் மூவார்க்காரன். அவன் குடும்பத்துக்கு அங்கே சாப்பாட்டுக் கடை உண்டு. அண்ணன்தான் கடையைப் பார்த்துக்கொண்டார். அவர்கள் கடை மீ பண்டுங் நூடுல்ஸுக்கு வெளியூர்க்காரர்களெல்லாம் வந்து வரிசையில் நிற்பார்களாம். ஆனால் இவனுக்குக் கடை பிடிக்கவில்லை. மரச்சாமான் செய்யும் ஆலைக்குப் போனான், அங்கிருந்து நம்மிடம் வந்தான். கிராஃபைட்டைத் தண்ணீர் படாமல் காய்ந்தபடியே கடைய வேண்டும், தூசியை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். மரவேலை தெரிந்த கைக்கு அது சட்டென்று பிடிபடும். காசிமுக்கோ பிடிபட்டது மட்டுமல்ல, தலைக்கும் ஏறிவிட்டது! ஒரு தூணைக் கடைந்து முடித்தால் போதும், அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிடுவான்.

"அக்கா, பாருங்க. இதுல முகம் பாத்து மீச வெட்டலாம்."

"உனக்கு எங்கடா மீச?"

"வளந்தா வெட்டலாம்ல!"

இப்படித்தான் நாள் ஓடும். இவன் வேலையில் அவன் அண்ணனுக்கு மட்டும் ஏளனம். "மேச நாக்காலி செஞ்ச, சரி. இப்ப கரிக்கட்டையச் செதுக்கிக்கிட்டு இருக்கியா? வந்து கல்லாவுல உக்காரு" என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் சொல்வாராம். காசிம் ரோஷக்காரன். தன் கையால் செய்த பொருளுக்குப் பெயர் வாங்காமல் மூவார் கடையில் போய் உட்கார மாட்டேன் என்று அண்ணனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தவன். இந்த விஷயம் தெரிந்தால்தான் அடுத்து நடந்தது அவனுக்கு எவ்வளவு வலித்தது என்று உங்களுக்குப் புரியும்.

பாசிர் கூடாங்கில் ஓர் ஆலை நம் வாடிக்கையாளராக இருந்தது. பம்புகளுக்குள் போடும் கடினமான பீங்கான் வளையங்களைச் சுட்டெடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்புவார்கள். உலைக்குள் நான்கு கிராஃபைட் தூண்கள், அவற்றின் மேல் ஒரு கனத்த கிராஃபைட் தட்டு, தட்டு நிறைய வளையங்கள். காற்று உள்ளே வராமல் இருக்க ஆர்கான் வாயுவை ஓடவிட்டுத்தான் சூடேற்றுவார்கள். தூண்கள் காசிம் செய்தவை.

அந்தத் தூண்களில் ஒன்று முறிந்து, தட்டு சரிந்து, வளையங்கள் அத்தனையும் நொறுங்கின. போகட்டும் என்று ஒரு தூணை மாற்றிக் கொடுத்தோம். சில வாரங்களில் இன்னொன்று முறிந்தது. உலைக்குப் பொறுப்பாளர் தேவராஜ் முறிந்த துண்டுகளைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக நம் பாஸிடமே வந்துவிட்டார்.

தேவராஜைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்மையானவர், கெட்டிக்காரர். ஆனால் பல வருடம் இரும்பு வார்க்கும் ஆலையில் இருந்துவிட்டு வந்தவர். சூடு ஏறினால் எதுவும் பலமிழக்கும் என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. "சூட்டுல தாங்கல மேடம். கட்டிங் பண்றப்பவே உள்ள விரிசல் விட்டிருக்கணும். சூடு ஏறுனதும் விரிசல் பெருசாகி, விழுந்துருச்சு" என்றார்.

துண்டுகளை நான் சோதித்தேன். உண்மையிலேயே சோப்ளாங்கி! இருக்க வேண்டிய பலத்தில் பாதிகூட இல்லை. அதே கட்டியிலிருந்து காசிம் கடைந்து நம் கிடங்கில் வைத்திருந்த தூணை எடுத்து வந்து சோதித்தேன். இருக்க வேண்டிய பலம் வரை ஜம்மென்று நின்றுவிட்டுத்தான் அது உடைந்தது. சரி, சூட்டிலும் பார்த்துவிடுவோம் என்று நம் சின்ன உலையில் அதன் ஒரு துண்டை ஏற்றி, வெள்ளையாகத் தகிக்கும்போது பாரம் கொடுத்தேன். பாஸ் என் பின்னால் நின்றார், காசிம் பக்கத்தில். பாரம் ஏறிக்கொண்டே போகிறது, துண்டு அசையவில்லை. குளிரில் உடைந்த அளவைத் தாண்டியும் போய்க்கொண்டிருக்கிறது!

"அலமாக்!" என்றான் காசிம். "அக்கா, இது என்னா, ஏறிக்கிட்டே போகுது?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பாஸ் மசியவில்லை. அவர் சீனர். கோபம் வந்தால் மலாயில் பேசுவார், கடுங்கோபம் வந்தால் ஆங்கிலம், சமாதானமாகிவிட்டால் அரைகுறைத் தமிழ். அன்று ஆங்கிலம். நல்ல துண்டு நன்றாக நிற்பதில் என்ன அதிசயம், முறிந்த துண்டு ஏன் முறிந்தது என்பதுதானே கேள்வி என்றார். அவர் காசிமைப் பார்த்து, அந்த ஆலையில் இன்னும் ஒரே ஒரு தூண் விழுந்தாலும் இங்கே உனக்கு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்போதும் வாய் ஓயாத காசிம் சோதனை அறை நாற்காலியில் உட்கார்ந்து முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என் வேலையே இல்லக்கா. தொட்டுப் பாருங்க, சொரசொரன்னு இருக்கு. நான் இப்படியா விடுவேன்?" என்றான். தொட்டுப் பார்த்தேன். நல்ல கிராஃபைட்டைத் தொட்டால் வழவழவென்று கை நழுவும். இது ரஸ்க் ரொட்டி மாதிரி காய்ந்து, பொரபொரவென்று உதிர்ந்தது. எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. காற்று!

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கிராஃபைட் தீக்குப் பயப்படாது, காற்றுக்குத்தான் பயப்படும். காற்று இல்லாவிட்டால் எவ்வளவு சூட்டையும் சிரித்துக்கொண்டே தாங்கும். காற்று பட்டால், லேசாகச் சிவந்திருக்கும் சூட்டிலேயே கரி கரைவது போல ஓசைப்படாமல் கரையத் தொடங்கிவிடும். மேலே கொஞ்சம்தான் போயிருக்கும், உள்ளுக்குள் பலம் பாதி போயிருக்கும். தேவராஜிடம் போன் போட்டுக் கேட்டேன். அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

"காத்தா? சான்ஸே இல்ல மேடம். ரன் ஆரம்பிச்சதுலேருந்து முடியற வரைக்கும் ஆர்கான் ஓடுது. நீங்களே வந்து பாருங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. புதன்கிழமை நானும் காசிமும் அவன் பழைய காரில் பாசிர் கூடாங் போனோம். உலை உச்சச் சூட்டில் இருந்தது. ஆர்கான் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, கதவு இறுக்கமாக இருந்தது, எங்கும் கசிவு இல்லை. உலைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பார்வைத் துளை உண்டு. அதில் கண்ணை வைத்தேன். அடடா, அதைப் பார்க்காதவர்கள் இந்த வேலைக்கு வந்தும் வராத மாதிரிதான்! உள்ளே எல்லாம் ஒரே ஒளி. எது தூண், எது சுவர், எது தட்டு என்று பிரித்தே சொல்ல முடியாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தட்டின் ஓரம் மட்டும் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. கோடு நேராக இருந்தது.

"நிக்குதாக்கா?"

"நிக்குதுடா. ஜோரா நிக்குது."

நான்கு தூண்களில் இரண்டு பின்னால் மாற்றியவை. மற்ற இரண்டும் முதல் நாளிலிருந்தே உள்ளே இருப்பவை என்று தேவராஜ் சொன்னார். அன்று மாலை மின்சாரத்தை நிறுத்தினார்கள். "ரன் முடிஞ்சிருச்சு. நாளைக்குச் சரக்க எடுத்துருவோம்" என்றார். மறுநாளும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது ஜோகூரில் மறுபடியும் சனி, ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. அப்போது வெள்ளியும் சனியும் விடுமுறை. நிறைய தனியார் ஆலைகள் தங்கள் வசதிப்படி வைத்துக்கொண்டாலும் அந்த ஆலை வெள்ளி, சனிதான் மூடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலோ சனி, ஞாயிறு. அதாவது இவர்கள் வியாழக்கிழமை சரக்கை லாரியில் ஏற்றாவிட்டால், இவர்கள் திறக்கிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூடியிருப்பார்கள். திங்கட்கிழமைதான் சரக்கு போய்ச் சேரும். அதுவரை அங்கே பம்பு வேலை நின்றுவிடும், போன்மேல் போன் வரும். இது எனக்குத் தெரியாததல்ல. அக்கரையில் வேலை பார்க்கும் ஆள் இல்லாத வீடு நம் பக்கம் ஏது? ஆனால் இதையும் தூணையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

வியாழக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. வாசலில் லாரி தயாராக நின்றது. உலைக்கூடத்துக்குள் நுழைந்தால், மூன்று பேர் தோல் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் ஆளுயர மின்விசிறி ஒன்றை உருட்டிக்கொண்டு வருகிறார்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"கமிஸ் லோடுக்கா. தொறந்து எடுக்கணும்" என்றார் அவர். கமிஸ் என்றால் மலாயில் வியாழக்கிழமை. அந்த வேலைக்குத் தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள்!

ஓடிப்போய்ப் பார்வைத் துளையில் கண்ணை வைத்தேன். உள்ளே இன்னும் மங்கலான சிவப்பு. நேற்றுபோல ஒரே ஒளியாக இல்லாமல் இன்று எல்லாம் பிரிந்து தெரிந்தது. பின்பக்கத்துத் தூண்கள் இரண்டும் நேராக, அழகாக நின்றன. கதவுப் பக்கத்துத் தூண்களில் ஒன்று, மேலும் கீழும் சரியாக இருந்து, நடுவில் மட்டும் இடுப்பு மெலிந்து நின்றது.

"கதவத் தொறக்காதீங்க!" என்று கத்தினேன். உலைக்கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தேவராஜ் வேகமாக வந்தார். "என்னா மேடம்? ரன் நேத்தே முடிஞ்சிருச்சு."

"உள்ள இன்னும் செவப்பா இருக்கு சார்!"

"கொஞ்சம் செவப்பு தானே. ஃபேன் வச்சா சீக்கிரம் ஆறிரும். நாங்க பண்றது தான்."

"நீங்களே பாருங்க" என்று அவரைத் துளைக்கு இழுத்துவிட்டேன்.

பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அலமாக்! தூண் போகப் போகுது! டேய், சீக்கிரம் தொறங்க, விழறதுக்கு முன்ன சரக்க வெளிய எடுத்துருவோம்!"

இப்படி ஒரு நிமிடம் உங்கள் ஒவ்வொருவருக்கும் வரும். எல்லோரும் ஓடுவார்கள், எல்லோரும் கத்துவார்கள், செய்யச் சொல்வது நியாயமாகவே தோன்றும். விழப்போகிற தூணின் மேலிருந்து சரக்கை எடுப்பதில் என்ன தப்பு? இரண்டு பேர் கதவுச் சக்கரத்தில் கை வைத்தாகிவிட்டது. காசிம் துளையில் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, எடுத்துரட்டும்கா. விழுந்துச்சுன்னா நான் போயிட்டேன். அண்ணன் கடையில போயி தட்டு கழுவணும்."

அவன் அப்படிச் சொன்னபோதுதான் என் மண்டை பளிச்சென்று வேலை செய்தது. எப்படி யோசித்தேன் என்று அப்படியே எழுதுகிறேன், கவனியுங்கள். இந்தத் தூண் நேற்று ராத்திரியா மெலிந்தது? இல்லை, நேற்று உள்ளே காற்றே இல்லை. அதற்கு முன்பே மெலிந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல், மெலிந்த இடுப்போடுதான் இவர்கள் தட்டை வைத்து வளையங்களை அடுக்கியிருக்கிறார்கள். அப்போது அது குளிர்ந்திருந்தது, தாங்கியது. பிறகு சூடேறியது, சூட்டில் இன்னும் பலம் கூடுமே தவிரக் குறையாது. இப்போது ஆறிக்கொண்டிருக்கிறது, ஆறிய பிறகு முன்னால் இருந்த அதே பலத்துக்குத்தான் திரும்பும். அந்தப் பலத்தில்தான் இதே பாரத்தை ஏற்கெனவே தாங்கியிருக்கிறது. ஆக, இது விழ வேண்டுமானால் புதிதாக ஏதாவது நடக்க வேண்டும். புதிதாக நடக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், இந்தக் கதவு!

"தொறந்தாத்தான்டா விழும்" என்றேன் காசிமிடம். "சாத்தியே இருந்தா நிக்கும்."

அவன் என்னையே பார்த்தான். அவன் பிழைப்பு, அவன் ரோஷம் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. நான் சொல்வது அவனுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. புரியவைக்க நேரமும் இல்லை. காசிம் சட்டென்று போய் அந்த இரண்டு பேருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் புகுந்து, முதுகைச் சக்கரத்தில் கொடுத்து நின்றுகொண்டான்.

"அக்கா சொல்லிட்டாங்க. யாரும் தொறக்கக் கூடாது."

"டேய், உன் தூணு விழப்போகுது, நீயே மறிக்கிறியா?" என்று தேவராஜ் பாய்ந்தார். "வெளிய லாரி நிக்குது. இன்னிக்குப் போகலன்னா சிங்கப்பூர்க்காரன் என்ன உயிரோட விடமாட்டான். தள்ளுடா!"

நான் குரலைத் தணித்தேன். கத்துபவரிடம் கத்திப் பிரயோஜனமில்லை. "சார், லாரிய நான் மறிக்கல. ரெண்டே கேள்வி. முன்ன முறிஞ்ச தூணு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"கதவுப் பக்கம். ரெண்டும் கதவுப் பக்கம்தான்."

"என்னா கிழமையில விழுந்துச்சு?"

"கிழம என்னா கிழம மேடம், அத யாரு…" என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். வாசல் பக்கம் திரும்பி லாரியைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். "கமிஸ்" என்றார் மெதுவாக. "ரெண்டு தடவையும் கமிஸ் லோடு."

"மத்த லோடெல்லாம்?"

"சாத்தியே கெடக்கும். ரெண்டு நாள் போயி, கை வைக்கிற அளவுக்கு ஆறுன பொறகுதான் தொறப்போம்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மேடம், கரண்ட் ஆஃப் பண்ணியாச்சுன்னா ரன் முடிஞ்சதா தானே அர்த்தம்?"

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு சார். உள்ள நிக்கிறதுக்கு முடியல."

அந்த மனிதரை நான் மதிக்க ஆரம்பித்தது அந்த இடத்தில்தான். ஒரு வார்த்தை வாதாடவில்லை. கையுறைக்காரர்களைத் தள்ளிப்போகச் சொன்னார், ஆர்கானை நிறுத்தாமல் ஓடவிடச் சொன்னார், எங்கள் எதிரிலேயே சிங்கப்பூருக்குப் போன் போட்டார். சரக்கு திங்கட்கிழமைதான் வரும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவையெல்லாம் "யெஸ் சார், யெஸ் சார்" என்று வாங்கிக்கொண்டார். லாரி காலியாகத் திரும்பிப் போனது.

வெள்ளியும் சனியும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை காசிம் போன் செய்தான். "அக்கா, தொழுகைக்குப் போனேன். எல்லாரும் புள்ளகுட்டிக்குத் துவா கேக்கிறாங்க, நான் ஃபர்னஸுக்குக் கேட்டேன்" என்றான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டான். "நிக்குமாக்கா?" "நிக்கும்டா, போய்த் தூங்கு." அவனிடம் அப்படிச் சொன்னேனே தவிர எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். யோசித்த விதம் சரி என்று தெரியும். ஆனால் மெலிந்த தூணுக்கு நான் யோசித்த விதம் தெரியுமா? பக்கத்தில் யாராவது கனமான எதையாவது டமாரென்று போட்டாலே போதுமே! இந்தப் பயம் உங்களுக்கும் வரும். வந்தால் வெட்கப்படாதீர்கள். பயத்தில் முடிவை மாற்றிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உலையின் வெளிச்சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. தேவராஜ் தானே சக்கரத்தைத் திருப்பினார். கதவு மெல்லத் திறந்தது.

நின்றது! தட்டு நேராக, வளையங்கள் அடுக்கியது அடுக்கியபடி, தூண் இடுப்பு மெலிந்து, ஆனாலும் நின்றது! காசிம் "யா அல்லாஹ்" என்று இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். தேவராஜின் ஆட்கள் கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

வளையங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். தட்டையும் இறக்கினோம். பிறகு காசிம் குனிந்து அந்தத் தூணைக் கையில் எடுத்தான். எடுத்த மாத்திரத்தில் அது 'டிக்' என்று நடுவில் ஒடிந்து இரண்டு துண்டாகிவிட்டது. அத்தனை பாரத்தையும் சுமந்து நின்றது, பக்கவாட்டில் ஒரு விரல் பட்டதும் போய்விட்டது.

காசிம் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துத் தேவராஜ் பக்கம் நீட்டினான். கதவைப் பார்த்து நின்ற பக்கம் அரித்து, குழிந்து, சாம்பல் பூத்துப்போயிருந்தது. உலைக்குள்ளே பார்த்து நின்ற பக்கத்தைத் தன் சட்டையால் துடைத்தான். கடைந்து முடித்த அன்று இருந்ததுபோல அது மினுமினுத்தது.

"சார், இந்தப் பக்கம் என் வேல" என்றான். மறுபக்கம் திருப்பினான். "இந்தப் பக்கம் காத்தோட வேல."

தேவராஜ் துண்டை வாங்கி, மினுமினுத்த பக்கத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் முன்னாலேயே நம் பாஸுக்குப் போன் போட்டு, தூண்களில் ஒரு குறையும் இல்லை, தப்பு எங்கள் கதவில்தான், உங்கள் ஆளைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னார். போனைக் காசிமிடம் கொடுத்தார். மறுமுனையில் பாஸ் பேசுவது எனக்கும் கேட்டது. அரைகுறைத் தமிழ்! காசிம் "ஆமாம் பாஸ், ஆமாம் பாஸ்" என்றான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். கிராஃபைட் கையால் துடைத்ததில் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம்.

தேவராஜ் அவன் அருகில் போனார். "காசிம், நாலு தூணையும் புதுசா செஞ்சு குடு. நீயே செய்யணும், வேற யாரும் கை வைக்கக் கூடாது."

"செஞ்சு தரேன் சார். ஆனா ஒரு கண்டிஷன்."

"என்னா?"

"கதவுக்கு ஒரு பூட்டும் சேத்துத் தருவேன். அதையும் நீங்க மாட்டணும்."

"மாட்டிட்டாப் போச்சு. சாவி யாருகிட்ட இருக்கும்?"

"சாவியே கெடையாது சார். உள்ள சூடு எறங்குற வரைக்கும் பிடிச்சுக்கும். ஆறுனா தானா விடும்."

தேவராஜ் சிரித்துவிட்டார். "கமிஸ் அன்னிக்கு லாரி வந்து நிக்கும். நான் வந்து கெஞ்சுனாலுமா தொறக்காது?"

காசிம் கண்ணைச் சுற்றிய கறுப்போடு அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"உங்களுக்காகத்தான் சார் அந்தப் பூட்டே."